பால் காணாது

யாழ்ப்பாணத்து வழக்கிலே “காணாது” என்னுஞ் சொல் இரு பொருளில் வழங்கும். கண்ணிற் படாது என்பது ஒன்று. போதாது என்பது மற்றையது. சோறு காணாது, சம்பளம் காணாது, நேரங் காணாது என்று நாடோறுஞ் சொல்லுவதெல்லாம் இரண்டாம் பொருளிலேயாம். அதனால் எவருக்குந் தீங்கில்லை. ஆனால், பிள்ளை பெற்று நான்கு நாளாகிய ஒரு தாயின் கட்டிலருகே நின்று “பால் காணாது போலக் கிடக்கு” என்று சொல்லும்போது அது வெறுஞ் சொல்லாக நில்லாது. உடம்பினுள்ளே புகுந்து வேலை செய்கின்றது. அது செய்யும் வேலையை மில்லிலீற்றர்க் கணக்கில் அளந்து பார்க்கும் நிலைமை எமக்கு நேர்ந்தது.

ஆண்மகனாகிய ஓர் ஆசிரியனுக்கு இவ்விடயத்தில் என்ன அலுவல் என்று வாசக நேயர்களுட் சிலர் கேட்கக்கூடும். கல்லூரியில் உயர்தர வகுப்பு மாணவருக்கு நாம் உயிரியல் கற்பித்து வருகின்றோம். பாற்சுரப்பியின் படத்தைக் கரும்பலகையில் வரைந்து, புரோலற்றின் என்னும் ஓமோன் பாலை ஆக்கும், ஒட்சிற்றோசின் என்னும் ஓமோன் பாலை வெளியேற்றும் என்று இரண்டு வரியிற் சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குச் செல்வது எமது வழக்கம். பரீட்சைக்கு அவ்விரண்டு வரியும் போதும், குடும்பத்துக்குப் போதா. எமது இல்லாளும் ஓர் ஆசிரியையே. அவருடைய இசைவைப் பெற்றும், எழுதியதை அவருக்கு வாசித்துக் காட்டியுமே இதனை வெளியிடுகின்றோம். சில பகுதிகளை அவர் வெட்டியுமுள்ளார்.

2022ஆம் ஆண்டு மார்ச் மாதத் தொடக்கத்தில் எமக்கு இரண்டாவது பிள்ளை பிறந்தான். மூத்தவளுக்கு அப்போது 11 வயது. குறித்த நாளுக்கு ஆறு கிழமை முந்திப் பிறந்தமையால் அவன் நிறை 1,900 கிராம்தான். குறைமாதக் குழந்தைகளைப் பராமரிக்கும் பிரிவிலே, கண்ணாடிப் பெட்டிக்குள்ளே கிடந்தான். உறிஞ்சுதல், விழுங்குதல், மூச்சுவிடுதல் ஆகிய மூன்றையும் ஒழுங்குபட இணைத்துச் செய்யும் வல்லமை 34 வாரத்துப் பிள்ளைக்கு அரும்பும் நிலையிலேயே இருக்கும். ஆகவே மெல்லிய குழாய் ஒன்றின் வழியாகவே பாலூட்டினார்கள். அந்தப் பாலைத் தாயானவள் கையாலும் பம்பியாலும் எடுத்துக் கொடுக்கவேண்டும். குறைமாதக் குழந்தைக்குத் தாய்ப்பால் உணவு மாத்திரமன்று; குடலைத் தாக்கி உயிருக்கே உலைவைக்கும் நோயொன்று வாராது தடுப்பதிலும் அதற்குப் பெரும் பங்குண்டு. எனவே போத்தலில் விழும் ஒவ்வொரு துளிக்கும் அந்நாளிற் கணக்கிருந்தது.

முதலிரண்டு நாளும் போத்தலே தேவைப்படவில்லை. கையாற் பிதுக்கிய சீம்பாலைச் சிறு கரண்டியில் ஏந்தி, ஊசி மருந்தேற்றும் குழலில் உறிஞ்சி எடுத்தார்கள். மஞ்சள் நிறத்துத் துளிகள் சில, அவ்வளவே. இயற்கை அவ்வாறுதான் வைத்திருக்கின்றது. மூன்றாம் நாளில் மார்பு கனத்தது. நான்காம் நாட் காலையில், இலண்டனில் வதியும் எமது தமக்கையார் அனுப்பிவைத்த மின்பம்பியினால் இருபுறமுஞ் சேர்த்து 40 மில்லிலீற்றர் எடுத்தார். அதைத் தாதியிடங் கொடுத்தபோது அவர் முகத்தில் இருந்த பெருமிதத்தைப் பட்டமளிப்பு விழாவன்றுகூட நாம் கண்டதில்லை.

அன்று மாலை பார்வையாளர் நேரத்திற் சுற்றத்தார் வந்தனர். அன்பினால் வந்தவர்களே, பழஞ்சோற்றுக்கு இருந்த நாளிலும் எமக்குத் துணைநின்றவர்கள். பம்பி ஓடிக்கொண்டிருந்த வேளையில் ஒரு மாமியார் திரைச்சீலையை விலக்கிப் போத்தலை உற்றுப் பார்த்தார். “பால் காணாது போலக் கிடக்கு. பாவம் பிள்ளை. மா கொடுக்கச் சொல்லிக் கேளுங்கோவன்” என்றார். எமது இல்லாள் மறுமொழி ஒன்றும் சொல்லவில்லை. அன்றிரவு எட்டு மணிக்கு எடுத்தபோது போத்தலில் இருந்தது 15 மில்லிலீற்றர். பத்தரைக்கு எடுத்தபோது அதுவுமில்லை. காலையில் இருந்த மார்பும் அதே மார்பு, பம்பியும் அதே பம்பி.

அங்கே வயது முதிர்ந்த தாதி ஒருவர் இருந்தார். அவர் எவரையுங் கடிந்து பேசவில்லை. குழந்தைகளுக்கு அணியும் சிறு காலுறை ஒன்றைக் கொண்டுவந்து, போத்தலின் மேல் மாட்டி மறைத்துவிட்டார். “போத்தலைப் பார்க்காதேங்கோ அம்மா. பிள்ளையைப் பாருங்கோ” என்றார். மறுநாட் காலை பிள்ளையைப் பெட்டியினின்று எடுத்து, தாயின் நெஞ்சோடு நெஞ்சாக, இடையில் துணியின்றி ஒரு மணித்தியாலம் கிடத்தினார்கள். 1978ஆம் ஆண்டளவில் கொலம்பியா நாட்டின் பொகோற்றா நகரிலே தொடங்கி உலகெங்கும் பரவிய கங்காரு முறை இதுவேயாம். அதனையடுத்து எடுத்த பால் காலுறைக்கு மேலே ததும்பி நின்றது என்று எழுத ஆசைதான். உண்மை என்னவெனில் 45 மில்லிலீற்றர். எமக்கு அது போதுமானதாயிருந்தது.

இதனை மாயம் என்று எவரும் எண்ணவேண்டியதில்லை. 1948ஆம் ஆண்டிலே அமெரிக்காவில் மைக்கேல் நியூற்றன், நைல்ஸ் நியூற்றன் என்னுந் தம்பதியர் ஒரு பரிசோதனை செய்து வெளியிட்டனர். ஏழு மாதக் குழந்தையொன்று தாயிடம் பால் குடிக்க முன்னும் பின்னும் அதன் நிறையைப் பார்த்து, குடித்த பாலை அளந்தார்கள். அமைதியான நாள்களில் ஒருதடவைக்குச் சராசரி 168 கிராம். வேறு நாள்களில் அத்தாய் பாலூட்டும்போதே அவள் பாதங்களைப் பனிக்கட்டி நீரில் வைத்தார்கள். கால்விரலை நோகும்படி இழுத்தார்கள். கணக்குகளைக் கேட்டு மெல்லிய மின்னதிர்ச்சியுங் கொடுத்தார்கள். அந்நாள்களிற் குழந்தைக்குக் கிடைத்தது 99 கிராமே. பின்னர் அதே இடைஞ்சல்களோடு ஒட்சிற்றோசினை ஊசி மூலம் ஏற்றியபோது அளவு 153 கிராமுக்கு உயர்ந்தது. ஆகவே இடைஞ்சலுற்ற நாளிலும் பால் உள்ளே இருக்கத்தான் செய்தது; இறங்கத்தான் இல்லை. எமது “காணாது” என்னுஞ் சொல்லின் முதற் பொருளே அங்கே மெய்யாயிற்று. கணக்குக் கேட்பது பாலைக் குறைக்கும் என்று அறிந்ததில் எமது கல்லூரிக் கணித ஆசிரியருக்கு மிகுந்த வருத்தம்.

ஒட்சிற்றோசின் ஒரு கூச்சமுள்ள ஓமோன். அச்சம், வலி, வெட்கம், பிறர் பார்வை ஆகியவற்றின் முன்னே அது வெளிவரத் தயங்கும். பிள்ளையின் மணம், அழுகை, அதன் சட்டை ஆகிய சிறுபொருள்களுக்கு உடனே இணங்கும். பம்பியோ பிள்ளையன்று. உறிஞ்சவும் விடவும் அதற்குத் தெரியும், அன்புகாட்டத் தெரியாது. பம்பியின் வரலாற்றைப் பார்த்தால் அதனை அமைத்தவர்களும் இக்குறையோடு நெடுநாள் மல்லாடியிருப்பது தெரியும். அமெரிக்காவில் 1854ஆம் ஆண்டிலேயே ஒரு பம்பிக்குக் காப்புரிமை வழங்கப்பட்டுவிட்டது. 1920களிற் சதுரங்க விற்பன்னரும் பொறியியலாளருமான எட்வேட் லாஸ்கர் ஒரு மின்பம்பியை ஆக்கினார். 1950களில் சுவீடன் தேசத்துப் பொறியியலாளர் ஐனர் எக்னெல் என்பார், எவ்வளவு அழுத்தம், எத்தனை நொடி, எத்தனை ஓய்வு என்பவற்றை ஆராய்ந்து, தாயை நோகச் செய்யாத பம்பியை அமைத்தார். உறிஞ்சுவது போலவே விட்டுக்கொடுப்பதும் முக்கியம் என்பது அவர் கண்ட உண்மை.

பால் ஆக்கத்தின் அடுத்த விதி இதனினும் எளிது. எடுக்க எடுக்கச் சுரக்கும். தங்கவிட்டால் உற்பத்தி மட்டுப்படும். எனவே பிள்ளை வாய்வைத்துக் குடிக்கமுடியாத நிலையில், நாளொன்றுக்கு எட்டுத் தடவைக்குக் குறையாது எடுக்கவேண்டும் என்றார்கள். இரவிற் புரோலற்றின் உயர்ந்திருக்குமாதலால் நள்ளிரவு கழிந்தபின் ஒருதடவை கட்டாயம்.  ஸ்ரான்போட் பல்கலைக்கழகத்து வைத்தியர் ஜேன் மோட்டனும் குழுவினரும் 2009ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வொன்றும் குறைமாதப் பிள்ளைகளின் தாய்மாரைப் பற்றியதே. முதல் மூன்று நாள்களிற் கையால் அடிக்கடி கறந்தவர்களும், பின்னர் பம்பி ஓடும்போதே மார்பைக் கையால் அழுத்தி உருவிக் கொடுத்தவர்களும் கூடிய பால் பெற்றார்கள். அக்கைமுறையைக் கற்றபின் அத்தாய்மாரின் பால் சராசரியாக 48 வீதம் உயர்ந்தது. பல இலட்சம் ரூபா பெறுமதியுள்ள இயந்திரத்தோடு பத்து விரலும் சேர்ந்தால்தான் வேலை முழுமையாகும் என்பது எமக்கு உவப்பான செய்தி.

செய்முறையில் எமது இல்லாள் கண்ட சிலவற்றையுஞ் சொல்லிவைப்போம். தொடங்குமுன் வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் ஒத்தடம்; விரல்நுனியால் மெல்ல வட்டமிட்டு நீவுதல். இருபுறமும் ஒரே நேரத்தில் எடுத்தால் காலமும் மிச்சம், பாலுங் கூடும். பம்பியின் வேகத்தை முற்றாக முறுக்கிவைத்தாற் பால் பெருகும் என்பது தவறு. வலி வந்தவுடன் பால் இறங்குவது நின்றுவிடும். நோகாத எல்லைக்குள் எவ்வளவு கூட்டலாமோ அவ்வளவே சரியான அளவு. மார்பில் வைக்கும் புனல் போன்ற கூம்பு காம்பின் பருமனுக்கு ஏற்றதாயிருத்தல் வேண்டும். பெட்டியோடு வரும் கூம்பு எல்லோருக்கும் பொருந்தும் என்றில்லை. எமது வீட்டில் மே மாதத்தில் ஒருநாள் பால் திடீரெனக் குறைந்தபோது வீடே கலங்கிற்று. ஆராய்ந்தபோது, பம்பியிலிருந்த சிறு இறப்பர் வால்வு கிழிந்திருந்தது. பழுதுற்றது தாயல்ல, முப்பது சதம் அளவுள்ள இறப்பர்த்துண்டு.

மணித்தியாலம் ஒன்றை ஒதுக்கி, 20 நிமிடம் எடுத்து, 10 நிமிடம் ஆறி, மீண்டும் 10 நிமிடம் எடுத்து, 10 நிமிடம் ஆறி, கடைசியாக 10 நிமிடம் எடுக்கும் முறையொன்றும் உண்டு. வளரும் பிள்ளை அடுத்தடுத்துக் குடிப்பதைப் போலச் செய்துகாட்டும் முறை அது. அன்றைக்கே பலன் தராது. சில நாள் பொறுக்கவேண்டும். இடைநேரங்களிற் பல்லைக் கடித்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்திருப்பவர்களுக்குப் பலன் தருவதும் அரிது. எமது மூத்தவள் அந்த மணித்தியாலத்தில் தாய்க்குப் பக்கத்தில் இருந்து தன் வகுப்புப் புதினங்களைச் சொல்லிக்கொண்டிருப்பாள்.

பிள்ளை 19 நாள் கழித்து வீட்டுக்கு வந்தான். அந்த நாள்களை இலங்கையில் எவரும் மறந்திரார். மார்ச் இறுதியில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை நீண்டது. பெற்றோலுக்கும் எரிவாயுவுக்கும் வரிசை. கடைகளிற் பால்மா அருகி, விலை ஏறிற்று. கையில் ஒரு துண்டோடு தகப்பன்மார் மருந்தகம் மருந்தகமாகத் திரிந்ததை நாம் கண்டோம். மின்சாரம் இல்லாதபோது மின்பம்பி வெறும் பிளாத்திக்கு. எமது இல்லாள் கையாலே கறந்தார்; கையால் இயக்கும் சிறு பம்பியொன்றும் துணைசெய்தது. குளிர்சாதனப் பெட்டியின் கதவைத் திறவாதிருந்தால் ஏறத்தாழ நான்கு மணித்தியாலம் குளிர் தங்கும். எடுத்த பாலும் 25 பாகைக்கு உட்பட்ட வெப்பத்தில் நான்கு மணித்தியாலம் வரையே கெடாதிருக்கும். யாழ்ப்பாணத்துச் சித்திரை வெயிலில் அவ்வளவும் நம்புதற்கில்லை. ஆகையால் எடுத்ததை வைத்திருப்பதைவிட, பிள்ளையை மார்பிலே பழக்குவதில் அவர் முனைந்தார். மே மாத நடுப்பகுதியில் அவன் முழுதாகத் தாயிடமே குடிக்கலானான். மாவுக்கு வரிசையில் நிற்க எமக்கு நேரவில்லை.

உணவைப் பற்றி எமது ஊரார்க்குப் பெரிய நம்பிக்கையுண்டு. மச்சம் உண்போர் வீட்டிற் பால்சுறா தேடுவர்; எமது வீட்டில் அஃதில்லையாதலால் உள்ளியும் மிளகும் சீரகமும் அரைத்த சரக்குக்கறியும் முருங்கையிலை வறையும். முருங்கையிலையைப் பற்றிப் பிலிப்பைன்ஸ் நாட்டார் ஆராய்ந்து, குறைமாதப் பிள்ளைகளின் தாய்மாருக்கு அது பாலைக் கூட்டியதாக 2000ஆம் ஆண்டிலே எழுதியுள்ளனர். ஆகவே முருங்கையை நாம் பழிக்கமாட்டோம். ஆயினும், பசிக்கு நிறைவாக, சுடச்சுட, மற்றொருவர் சமைத்துக் கொண்டுவந்து தரும் சோறே முதன்மையான சரக்கு என்பது எமது துணிபு. அளவுக்கு மிஞ்சித் தண்ணீர் குடிப்பதாற் பால் கூடுவதில்லை. தாகத்துக்குக் குடித்தாற் போதும். பால் கூட்டுவதற்கென்று மாத்திரைகளும் உள. அவற்றை வைத்தியர் சொல்லாமல் அயலவர் சொல்லி வாங்குதல் ஆகாது.

அப்படியாயின் எவ்வளவு பால் தான் காணும்? அவுஸ்திரேலியாவின் பேர்த் நகரத்து ஆய்வாளர்கள் 2006ஆம் ஆண்டில் 71 தாய்மாரின் கணக்கை வெளியிட்டார்கள். ஒருமாதம் முதல் ஆறுமாதம் வரையுள்ள, நன்றாக வளர்ந்துவந்த பிள்ளைகள் நாளொன்றுக்குக் குடித்தது சராசரி 788 கிராம். ஒரு பிள்ளைக்கு 478 கிராம் போதியதாயிற்று. இன்னொன்று 1,356 கிராம் குடித்தது. தாய்ப்பால் குடிக்கும் பிள்ளை மாதத்துக்கு மாதம் கூடக் கூடக் குடிப்பதில்லை என்பதும் அதனாற் புலப்பட்டது. மாப்பால் குடிக்கும் அயல்வீட்டுப் பிள்ளையின் போத்தல் பெருத்துக்கொண்டு போவதைக் கண்டு எமது போத்தலை அளப்பது பிழை. ஒரு வேளைப் பாலுக்குப் பதிலாகப் பம்பியில் 60 முதல் 100 மில்லிலீற்றர் வந்தால் அது நல்ல அளவு. பிள்ளை குடித்தபின் எடுத்தால் இரண்டு மேசைக்கரண்டி வந்தாலும் வியப்பில்லை. பம்பியில் வருவது எவ்வளவு என்பதைக்கொண்டு மார்பில் உள்ளது எவ்வளவு என்று தீர்மானித்தல் கூடாது. நாளொன்றுக்கு ஆறு துணியாவது நனைகின்றதா, நிறை ஏறுகின்றதா என்பவற்றைப் பார்த்தால் விடை கிடைத்துவிடும். எங்கள் பகுதிக் குடும்பநல மாது தராசோடு வந்து பார்த்ததும் அதைத்தான்.

மெய்யாகவே பால் குறைந்த தாய்மாரும் உளர். தைரொயிட் குறைபாடு, நச்சுக்கொடியின் துண்டு கருப்பையில் தங்குதல், முன்னர் மார்பிற் செய்த சத்திரசிகிச்சை, சுரப்பி போதிய அளவு வளராமை எனக் காரணங்கள் பல. அவர்களை வைத்தியரிடங் காட்டவேண்டும். அவர்களுட் சிலருக்கு மாப்பாலும் வேண்டியதாகும். அதிற் குறைவோ இழிவோ சிறிதுமில்லை. அத்தாய்மாரிடம் போய் முருங்கையிலையைப் பற்றிப் பேசுவது “காணாது” என்று சொல்லுவதிலும் கொடியது.

இத்துறையில் எமது நாட்டின் பெயர் நல்ல பெயர். 2016ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி ஆறுமாதத்துக்குட்பட்ட பிள்ளைகளுள் 82 வீதமானோர் தாய்ப்பால் மட்டுமே பெற்றுவந்தனர். தாய்ப்பாலூட்டலுக்கான கொள்கைகளையும் ஏற்பாடுகளையும் உலகளவில் மதிப்பிட்டபோது, 97 நாடுகளுள் இலங்கையே 2020ஆம் ஆண்டில் முதன்முதலாகப் பச்சை நிறத் தரத்தை எய்திற்று. பச்சை நிறம் கொழும்பிலே பத்திரத்தில் உளது. வேலைக்குத் திரும்பும் தாய் அதனைத் தன் பாடசாலையிலோ காரியாலயத்திலோ தேடவேண்டியிருக்கின்றது.

அரச சேவையிலுள்ளவருக்கு முழுச் சம்பளத்தோடு 84 வேலைநாள் விடுமுறை. அது முடிந்து, எரிபொருள் இன்மையால் மூடப்பட்டிருந்த பாடசாலைகள் ஜூலை 25ஆம் திகதி மீளத் திறந்தபோது எமது இல்லாள் கற்பித்தலுக்குத் திரும்பினார். பிள்ளைக்கு நாலரை மாதம். மீண்டும் பம்பி வேண்டியதாயிற்று. பாடசாலையில் அதற்கென்று ஓர் இடம் இல்லை. ஆசிரியர் ஓய்வறையில் ஆண்களும் பெண்களும் இருப்பர். கழிப்பறையிற் பிள்ளைக்கு உணவு எடுக்கச் சொல்லுதல் எந்த நாகரிகம் என்பது எமக்கு விளங்கவில்லை. இரண்டு நாள் அவர் வெறும் போத்தலோடு வீடு திரும்பினார். மூன்றாம் நாள் ஆய்வுகூடப் பொறுப்பாசிரியை தமது ஆயத்த அறையின் திறப்பைக் கொடுத்தார். சாடிகளில் ஊறும் தவளைகளுக்கும் நுணுக்குக்காட்டிகளுக்கும் நடுவே ஒரு கதிரை, உள்ளே தாழ்ப்பாள். வெளியே இரண்டு மாணவிகள் காவலாக நின்று, வருவோரிடம் “பரிசோதனை நடக்குது, ரீச்சர்” என்று சொல்லுவார்களாம். முதல் நாளே அவ்வறையில் 90 மில்லிலீற்றர் கிடைத்தது. பனிக்கட்டி இட்ட குளிர்க்குவளையில் அதனை வைத்து, துவிச்சக்கரவண்டியில் நாமே வீட்டுக்குக் கொண்டுசெல்வோம். எமது கல்லூரிக்கும் அப்பாடசாலைக்கும் இடையே அரைக்கட்டைத் தூரம்.

அம்மம்மா அப்பாலைக் கிண்ணத்தில் ஊற்றி, சிறு கரண்டியாற் பருக்குவார். அவர்தாம் தொடக்கத்தில் மா வாங்கச் சொன்னவர்களுள் முதல்வர். கிண்ணத்தின் அடியில் மிஞ்சிய துளியையும் வழித்துக் கொடுத்துவிட்டு, “இன்னும் கேட்கிறான், காணாது” என்பார். பின்னர் எம்மைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொள்வார்.

அண்மையில் எம்முடன் கற்பிக்கும் ஆசிரியர் ஒருவர், தமது மகளுக்கென்று அந்த மின்பம்பியை இரவல் கேட்டார். கொடுக்கவில்லை. ஒருவருக்கென்று செய்யப்படும் பம்பிகளில் மோட்டார்ப் பகுதிக்குள்ளும் பால் சென்று படியக்கூடும், வெளிப்பாகங்களை அவித்தாலும் அது நீங்காது, நோய்க்கிருமி கடத்தப்படலாம். இதைச் சொன்னபோது அவர் முகஞ் சுருங்கிற்று. எமது இல்லாள் அடுத்த சனிக்கிழமை அவர் வீட்டுக்குச் சென்று, அறைக்கதவைச் சாத்திக்கொண்டு, அந்தப் பிள்ளைக்குக் கையாற் கறக்கும் முறையைக் காட்டிவிட்டு மாலையில் வந்தார். எவ்வளவு வந்தது என்று கேட்டோம். பார்க்கவில்லை என்றார்.